வெட்டாத முப்பது நிமிடம்

விதி மூன்று: விண்ணப்பிக்கும் இசைக்குழு, ஒரே மேடை நிகழ்ச்சியில், எங்கும் வெட்டாமலும் ஒட்டாமலும் தொடர்ச்சியாகக் குறைந்தது முப்பது நிமிடம் எடுத்த ஒலிப்பதிவை இணைக்க வேண்டும். அந்தப் பதிவு குழுவை அதன் மிகச் சிறந்த நிலையில் காட்ட வேண்டும். விதி நான்கு: விண்ணப்பம் கிடைத்த ஆறு வாரத்துக்குள் எழுத்து மூலம் பதில் தரப்படும்.

வுப்பர்டால் நகரத்தில் இசைக்குழுக்களுக்கு ஒத்திகை அறை ஒதுக்கித் தரும் ஒரு சங்கத்தின் விதிகள் இவை. ஜெர்மன் மொழியில் இருந்ததை என் மகள் கயல் தமிழில் வாசித்துக் காட்டினாள். நான் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து, துணைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக ஓய்வு பெற்றவன். ஒரு விதியைக் கேட்டால் அது எந்த இடத்தில் உடையும் என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் விதியின் முதல் வாக்கியம் ஒரு நாளைக் காட்டு என்கிறது. இரண்டாம் வாக்கியம் உன் சிறந்த நாளைக் காட்டு என்கிறது. சண்டை போட்ட சம்பந்திகள்போல, ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல் இரண்டும் ஒரே பத்தியில் உட்கார்ந்திருந்தன.

ஆனால் இந்த விதி எனக்கு அறிமுகமானது உப்புமாவினால். அதை முதலில் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில், கயல் வசிக்கும் ஆஹெனில் என் முதல் காலை. கயல் குளித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் ரொட்டி என்ற பெயரில் ஒரு பொருள் இருந்தது. திருச்சி ரொட்டியை அழுத்தினால் அமுங்கும்; இது கத்தியை வழுக்கி அனுப்பியது. பெட்டியிலிருந்து ரவையை எடுத்து உப்புமா கிளற ஆரம்பித்தேன். கரண்டிகள் இருந்த ஜாடியில் வழவழப்பான மரக்குச்சி ஒன்று கிடைத்தது. நுனியில் சின்னதாக ஓர் உருண்டை. கிளறுவதற்கென்றே கடைந்து செய்ததுபோல இருந்தது.

தலையில் துண்டோடு வந்த கயல் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, அது என்னோட ட்ரம்ஸ் குச்சி!"

"எந்த ட்ரம்ஸ்?"

அப்படித்தான் தெரிந்தது. அவள் ஐந்து வருடம் வீணை கற்றவள், இங்கே ஒரு நிறுவனத்தில் இயந்திர வடிவமைப்பாளர். இடையில் இப்படி ஒரு துறையிலும் சேர்ந்திருக்கிறாள் என்று தந்தைக்கு முறைப்படி அறிவிக்கப்படவில்லை. அவள் அம்மா வசந்தாவுக்குத் தெரியும். வசந்தா தன் அக்காவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காகத் திருச்சியிலேயே தங்கிவிட்டதால், விவரத்தைத் தொலைபேசியில்தான் உறுதி செய்ய முடிந்தது. "உங்ககிட்ட சொன்னா ஃபாரம் இருக்கான்னு கேப்பீங்க, அதான்" என்றாள்.

குழுவில் மூன்று பேர். கயல் ட்ரம்ஸ். பாடுவதும் கிதார் வாசிப்பதும் மயூரன். பேஸ் கிதாரும் ஒலிப்பதிவும் சிந்துஜா. மற்ற இருவரும் வுப்பர்டாலிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளைகள். குழுவின் பெயர் ஈரச்சுவர். ஏதோ கட்டடப் பழுதுபார்க்கும் நிறுவனம் என்றுதான் நினைத்தேன்.

"நாங்க பிராக்டிஸ் பண்ற பேஸ்மென்ட்ல சுவர் எப்பவும் ஈரமா இருக்கும்ப்பா" என்றாள் கயல். "அதுவும் இப்ப போச்சு. மாசக் கடைசியில காலி பண்ணணும். ஓனர் கார்ப்பெட் ஸ்டாக் வைக்கப்போறாராம்."

"வீட்டில் வாசிக்கக் கூடாதா?"

அவள் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். குடியிருப்பின் விதிகள். மதியம் ஒன்று முதல் மூன்று வரை அமைதி, இரவில் அமைதி, ஞாயிறு முழுக்க அமைதி, வாத்தியங்கள் இன்னின்ன அளவில். நல்ல தாள். எங்கள் தேர்வு அறைகளுக்குக்கூட நான் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. அதனால்தான் என் மகள் வீட்டில் ரப்பர் வட்டுகளின்மேல் சத்தம் வராமல் தட்டிப் பழகிவந்தாள். கறிகாய் நறுக்குவதற்கு ஒத்திகை பார்ப்பதுபோல இருந்தது.

"அந்தச் சங்கத்து ரூம் கிடைக்கலன்னா பேண்டும் இல்லப்பா. ட்ரம்ஸை வித்துட வேண்டியதுதான். பதிவு அனுப்ப அடுத்த திங்கள்தான் கடைசி."

அதற்கு முன் இரண்டு நிகழ்ச்சிகள். புதனன்று ஆஹெனில் மாணவர்களின் திறந்தவெளி விழா. ஞாயிறன்று வுப்பர்டாலில் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா. இரண்டில் நன்றாக வந்ததை அனுப்பலாம் என்பது திட்டம். எனக்குப் பிடிக்கவில்லை. தேர்வு எழுதுகிறவர் இரண்டு தாள் எழுதிவிட்டுப் பிடித்ததைக் கொடுப்பதில்லை. ஆனால் விதி அதைத் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

புதன்கிழமை வெயில் அடித்தது. ஆஹென்காரர்கள் அதை ஓர் அரசு உத்தரவுபோல மதித்து, எல்லோரும் புல்லில் வந்து படுத்துவிட்டார்கள். ஒரு கடையில் உருளைக்கிழங்கு அடை சுட்டார்கள். மொறுமொறுவென்று நன்றாக இருந்தது. சட்னி என்று எண்ணித் தொட்டது ஆப்பிள் கூழ். இரண்டாவது வாயில் பழகிவிட்டது. மூன்றாவதில் பிடித்துவிட்டது. இதை வசந்தாவிடம் சொல்லவில்லை.

ஈரச்சுவர் மேடை ஏறியது. நான் காதில் பஞ்சு வைத்திருந்தேன். பஞ்சு வைத்தும் விலா எலும்பு வழியாகக் கேட்டது. சங்கீதத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் தேர்வு அறைகளைச் சுற்றி வந்தவனுக்கு, யார் பாடம் தெரிந்து எழுதுகிறார்கள், யார் பேனாவைக் கடிக்கிறார்கள் என்று தெரியும். மூவருக்கும் பாடம் தெரிந்திருந்தது. மூன்றாவது பாட்டில் கயலின் கையிலிருந்து ஒரு குச்சி நழுவி, உருண்டு, மேடைக்குக் கீழே விழுந்தது. பக்கத்தில் தொங்கிய பையிலிருந்து அவள் வேறொன்றை உருவிக்கொள்ளும்வரை தாளத்தில் ஒரு பள்ளம். நான் மணி பார்த்தேன். நாலு இருபத்திரண்டு. பழக்கம்.

வெள்ளிக்கிழமை சிந்துஜா மடிக்கணினியோடு வந்தாள். சிவந்த சாயம் பூசிய தலை, மிகுந்த மரியாதை. "அங்கிள், கேளுங்கோ. நல்லா வந்திருக்கு." கேட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதுதான் கோளாறு.

"மூன்றாவது பாட்டை இன்னொரு தடவை போடம்மா."

போட்டாள்.

"குச்சி எங்கே விழுகிறது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் பார்த்தேன், விழுந்தது. இதில் விழவில்லை."

"எட்டே எட்டு செகண்ட், அங்கிள்" என்றாள் சிந்துஜா. "போன மாசத்து ஷோவில இருந்து எடுத்து வைச்சனான். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிந்ததே."

எங்கள் துறையில் இதற்குப் பெயர் உண்டு. வெளியில் எழுதிய தாளை விடைத்தாளுக்குள் செருகுவது. மூன்று முறை தேர்வு எழுதத் தடை. அதை விளக்கமாகச் சொன்னேன். கயல் காபிக் கோப்பையை மேசைமேல் வைத்த விதத்திலேயே என்ன வரப்போகிறது என்று தெரிந்தது.

"அப்பா, ஒரு குச்சி விழுந்ததுதான் நானா? வருஷம் பூரா வாசிச்சது யாரு? அன்னிக்கு ஒரு நாள் கை வேர்த்திருந்தா, அதுதான் ஈரச்சுவரா?"

"அன்றைய தாள்தான் மாணவர்" என்றேன். நான் ஆயிரம் பெற்றோரிடம் சொன்ன வாக்கியம்.

"தெரியும். எனக்கும் சொல்லியிருக்கீங்க."

அவள் கல்லூரி இரண்டாம் ஆண்டில் அம்மை போட்டிருந்தபோது கணிதத் தேர்வு எழுதினாள். தனி அறை, வேப்பிலை, ஜுரம். நாற்பத்து மூன்று வாங்கினாள். மற்ற எல்லாத் தாளிலும் தொண்ணூறு. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் அப்போது அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். "மறுமதிப்பீட்டுக்குப் படிவம் இரண்டாம் ஜன்னலில் கொடுக்கிறார்கள், வரிசையில் நில்" என்றேன். விதிப்படி சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. ஆனால் அவள் வரிசையில் நின்றதை நான் உள்ளேயிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எந்தக் கோப்பிலும் ஏற்றவில்லை.

சிந்துஜா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப ஞாயிற்றுக்கிழமைதானே இனி இருக்கு?"

ஞாயிறு காலை ரயில். மயூரன் பெரிய ட்ரம்களை வேனில் கொண்டுவந்துவிடுவான். தட்டுகளையும் சின்ன ட்ரம்மையும் நாங்கள் தூக்கினோம். வெண்கலத் தட்டுகள் இருந்த வட்டப் பை என் மடியில். நடுவழியில் ஒரு நிலையத்தில் அறிவிப்பு வந்தது. பெட்டி முழுவதும் ஒரே ஒரு பெருமூச்சு, எல்லோரும் இறங்கினார்கள். ரயில் அதற்குமேல் போகாதாம். காரணம் யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் என்றால் இதற்குள் நாலு பேர் என்ஜின் டிரைவரைச் சூழ்ந்திருப்பார்கள், ஒருவர் தன் மாமா ரயில்வே போர்டில் இருப்பதாகச் சொல்லியிருப்பார். இங்கே வரிசையாக நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த ரயிலில் எதிரே ஒரு ஜெர்மன் மூதாட்டி. என் மடியிலிருந்த வட்டப் பையை வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். கயல் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். "என்ன கேக்னு கேக்கறாங்க."

ட்ரம்ஸ் தட்டு என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. கயல் வரிக்கு வரி எனக்குச் சொன்னாள். அவர் கணவரும் ட்ரம்ஸ் வாசித்தவராம். நாற்பது வருடம், சனிக்கிழமைதோறும், நாலு நண்பர்களோடு.

"நன்றாக வாசிப்பாரா?" என்று கேட்கச் சொன்னேன்.

மூதாட்டி யோசித்தார். "ஒரே ஒரு நாள் பிரமாதமாக வாசித்தாராம். எல்லோரும் சொன்னார்கள். நான் அன்றைக்குப் பல் டாக்டரிடம் போயிருந்தேன்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பல்லும் நிற்கவில்லை" என்றார்.

வுப்பர்டாலில் நகர ரயில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு போகிறது, ஆற்றுக்கு மேலே. கொடிக்கயிற்றில் நகரும் சட்டைபோல லேசாக ஆடுகிறது. உள்ளே இருந்தவர்கள் அதில் விசேஷம் எதுவும் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காட்டிக்கொள்ளவில்லை.

விழா ஒரு சமூகக் கூடத்தின் அடித்தளத்தில். வாசலில் மயூரன் எதிர்கொண்டான். இருபத்து நான்கு வயது, கழுத்துவரை பச்சை குத்தல், வாயைத் திறந்தால் கோயில் பிள்ளை. "வாங்கோ அங்கிள். ட்ரெயின் பிந்தினதோ? அது அப்பிடித்தான்." மின்பணியில் தொழிற்பயிற்சி செய்கிறான். ஆவுஸ்பில்டுங் என்று அதற்குப் பெயர். இங்கே அதைச் சொல்லும்போது குரல் ஒரு படி தாழ்ந்து மரியாதையாகிறது.

நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்தேன். பேச்சுப் போட்டி, பரதநாட்டியம், பரிசளிப்பு. கடைசியில் "மெல்லிசை: ஈரச்சுவர்". யார் போட்ட தலைப்போ தெரியவில்லை. விலா எலும்பைத் தடவிக்கொண்டேன்.

மேடைக்குப் பக்கவாட்டில், ஒரு திரைக்குப் பின்னால், மயூரனின் அம்மா புஷ்பம் அக்கா உழுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தார். மின்சார எண்ணெய்ச் சட்டி இரண்டு, தேநீர்க் கொதிகலன் ஒன்று. மூன்றும் ஒரே நீட்டிப்புக் கம்பியில். அதே கம்பியின் மறுமுனை மேடைக்குப் போனது.

"இதெல்லாம் ஒரே லைனில் தாங்குமா?" என்று கேட்டேன்.

"பத்து வரியமாத் தாங்குது அண்ணை. நீங்கள் இருங்கோ."

"வீட்டிலேயே சுட்டுக் கொண்டுவந்திருக்கலாமே?"

அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஆறின வடையைச் சனத்துக்குக் குடுக்கிறதோ? விழாவுக்கு வந்திட்டு ஆரும் கல்லுத் தின்னுவினமோ?"

அதற்குமேல் மேல்முறையீடு கிடையாது என்று புரிந்தது.

மூன்று மணிக்கு ஈரச்சுவர் தொடங்கியது. ஜன்னல்களின் மின்சார இரும்புத் திரைகளை இறக்கி, மேடை விளக்கை மட்டும் போட்டார்கள். சிந்துஜாவின் பதிவுக் கருவி ஓட ஆரம்பித்தது. நானும் என் கைப்பேசியில் படம் பிடித்தேன். வசந்தாவின் கட்டளை: "முழுசா எடுத்து அனுப்புங்க. எப்பவும்போல பாதியில நிறுத்தாதீங்க."

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆஹெனில் வாசித்ததில் பாதிகூட இல்லை. மயூரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, சித்தி எல்லோரையும் பார்த்துப் பார்த்து வரிகளைத் தவறவிட்டான். சிந்துஜா கருவியையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என் மகளின் முகத்தில் கணிதத் தேர்வு எழுதிய நாள் தெரிந்தது. பார்வையாளர்கள் வடைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

இரண்டாவது சட்டி முழுச் சூட்டை எட்டியிருக்க வேண்டும். பதினாலாவது நிமிடம், பாட்டின் நடுவில், டப்.

கும்மிருட்டு.

"கரண்ட் போயிட்டுது!" என்று பத்துப் பேர் ஒரே குரலில் அறிவித்தார்கள், மற்றவர்களுக்குத் தெரியாதோ என்று.

இரும்புத் திரைகளும் மின்சாரத்தில்தான் ஏறும். பகல் மூன்றே காலுக்கு, வெளியே வெயில் அடிக்க, உள்ளே நூற்றைம்பது பேர் இருட்டில். மேடையிலிருந்து மயூரனின் குரல்: "ஃபியூஸ் பெட்டி பூட்டிக் கிடக்கு. திறப்பு ஹவுஸ்மைஸ்டரிட்டைத்தான்." திறப்பு என்றால் சாவி, ஹவுஸ்மைஸ்டர் என்றால் கட்டடக் காப்பாளர்.

"நீ கரண்ட் வேலைதானே படிக்கிறாய், உடைச்சுத் திற!" என்றது ஒரு பெரியப்பா குரல்.

"ஏலாது பெரியப்பா. ஆவுஸ்பில்டுங் முடியேல்லை. நான் தொடக் கூடாது."

எனக்கு அந்தப் பையன்மேல் மிகுந்த மதிப்பு உண்டானது. யாரோ காப்பாளருக்குத் தொலைபேசினார்கள். அவர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம், முடித்துவிட்டு வருவாராம். ஞாயிறு மூன்று மணி கேக்கை நடுவில் விட்டுவிட்டு எழுந்துவர இந்த நாட்டில் எந்த விதியும் இல்லை.

இவ்வளவு நடந்தபோதும் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை என்பதைச் சற்றுப் பிறகுதான் கவனித்தேன். ட்ரம்ஸ். அதற்குக் கரண்ட் வேண்டாம். கயல் நிறுத்தவே இல்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, இருட்டில், சீராக, ஒருவர் மாடிப்படி ஏறிவருவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் எண்ணெய் வாசனை வந்தது. "அண்ணை, உந்தத் தாம்பாளத்தை ஒருக்காப் பிடியுங்கோ. பிள்ளையள் இருட்டுக்குள்ள ஓடித் தட்டிப்போடுவினம்." என் கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம், நிறையச் சுடுவடை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மயூரன் மேடையை விட்டு இறங்கிச் சனத்துக்குள் வந்துவிட்டான். மைக் இல்லாமல் பாடத் தொடங்கினான். அவர்களே எழுதிய பாட்டு. ஓர் அலுவலகத்தில் நம்பர் சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருப்பதைப் பற்றியது. "நம்பர் எடுத்திட்டன், இன்னும் கூப்பிடேல்லை" என்பதுதான் பல்லவி. ஆஹென் புல்வெளியில் இது வெறும் ஓசை. இங்கே இரண்டாவது முறை பாடியபோது பெரியப்பா சேர்ந்துகொண்டார். மூன்றாவது முறை கூடமே சேர்ந்துகொண்டது. முப்பது, நாற்பது வருடத்துக்கு முன் இந்த நாட்டுக்கு வந்திறங்கி, ஒவ்வொரு நம்பராக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். சிலர் சிரித்துக்கொண்டே பாடினார்கள். எனக்குப் பின்னால் இருந்த அம்மாள் சிரிக்கவில்லை, பாடினார். சிந்துஜா பேஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கைதட்டித் தாளம் போட்டாள். கயல் சத்தத்தைக் கூட்டினாள். இருட்டில் இருந்ததால் யாருக்கும் தாங்கள் யார் முன்னால் பாடுகிறோம் என்ற கூச்சம் இல்லை. மயூரனுக்கும் இல்லை, பெரியப்பா எங்கே இருக்கிறார் என்றே அவனுக்குத் தெரியாது.

நான் நம்பர் கூப்பிடும் பக்கத்தில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவன். வடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. இருபது நிமிடம் கழித்து விளக்கு வந்தது. வாசலில் உதட்டோரம் கிரீமோடு ஒரு பெரியவர், சாவியோடு. எல்லோரும் கைதட்டியதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு தலை வணங்கினார்.

சிந்துஜா தன் கருவியிடம் ஓடினாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பதினாலு நிமிஷத்தோட நிண்டு போச்சு. நல்லா வாசிச்சது ஒண்டும் இதில இல்லை."

ரயில் மூதாட்டியின் பல் டாக்டர் எனக்கு நினைவுக்கு வந்தார்.

"அப்பா, உங்க பாக்கெட்ல என்ன வெளிச்சம்?" என்றாள் கயல்.

கைப்பேசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பத்திலிருந்து, நிறுத்தாமல். முப்பத்தாறு நிமிடம்.

கூடத்தை ஒழித்துவிட்டுப் புஷ்பம் அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து கேட்டோம். படத்தில் பாதிக்குமேல் என் சட்டைப்பையின் உட்புறம். ஒலி மட்டும் வியக்கத்தக்க தெளிவு. இருட்டில் கயலின் ட்ரம்ஸ், மயூரனின் பாட்டு, நூற்றைம்பது பேரின் பல்லவி எல்லாம் இருந்தன. கூடவே, எல்லாவற்றுக்கும் முன்னால், மிக அருகில், புஷ்பம் அக்கா: "எடுங்கோ, சூடா இருக்கு. ரெண்டா எடுங்கோ. எடுத்தனீங்களோ? அப்ப இன்னொண்டு எடுங்கோ."

"ஐயோ, என்ரை குரலே இது?" என்றார் அக்கா.

"ஒவ்வொரு வேர்ஸுக்கும் இடையில அம்மா வாறா" என்றான் மயூரன்.

சிந்துஜா காதைக் கூர்மையாக்கினாள். "பொறுங்கோ. இது என்ன? டிங், டிங் எண்டு? ஆரோ மெட்டல்ல தட்டுகினம். கயலின்ர பீட்டோடயே போகுது."

"யாரோ தட்டியிருப்பார்கள்" என்றேன். என் வலது கை மோதிரத்தைப் பார்த்தேன். பிறகு மேசையில் இருந்த எவர்சில்வர் தாம்பாளத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தேன்.

இப்போது கையில் இரண்டு பதிவு. ஒன்று சுத்தமானது, ஆனால் எட்டு வினாடி பொய். மற்றது வெட்டாதது, ஆனால் முதல் பதினாலு நிமிடம் சுமார், மிச்சம் முழுக்க வடை.

"இதை அனுப்பினா சிரிப்பாங்கள்" என்றாள் சிந்துஜா. கயல் முகத்தைப் பார்த்தேன். ட்ரம்ஸை யாருக்கு விற்கலாம் என்று யோசிக்கிற முகம். அந்த முகத்தை நான் ஒரு கண்ணாடி வழியாக முன்பே பார்த்திருக்கிறேன்.

அப்போது ஒரு குரல் சொன்னது: "எட்டு வினாடிதானே. ஆஹென் பதிவையே அனுப்பிவிடலாம்."

சொன்னது நான்தான். என் பணிப்பதிவேட்டில் இப்படி ஒரு வரி கிடையாது.

கயல் என்னை நெடுநேரம் பார்த்தாள். கோபம் இல்லை. சிரிப்பு வரப் பார்த்தது.

"இல்லப்பா. விதி மூணு."

"விதியை எழுதியவர்களுக்கே அது சரியாக..."

"அதுல குச்சி விழலைன்னா அது வேற யாரோ. இதுல இருக்கறதுதான் நாங்க. பதினாலு நிமிஷம் பயந்தோம், அப்புறம் பயப்படலை. சேர்ந்து ஒரே நாள்தானே? அன்றைய தாள்தான் மாணவர்."

அந்த மேசையிலேயே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். குழு உறுப்பினர்கள்: மூன்று. அக்கா எல்லோருக்கும் மிச்ச வடையைச் சூடுகாட்டி வைத்தார். ஆறினால் கல் என்று அவர் சொன்னது சரி, சூடுகாட்டினாலும் கல்தான்.

நான் திருச்சி திரும்பினேன். ஆறு வாரம் ஆயிற்று. பதில் இல்லை. ஈரச்சுவர் தன் பழைய பேஸ்மென்ட்டைக் காலி செய்தது. ட்ரம்ஸ் புஷ்பம் அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும், அடங்காத பெரியது குளியலறையிலும். ஏழாவது வாரம் நினைவூட்டல் ஒன்று வரைந்து அனுப்பினேன்: பொருள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு, விதி நான்கின்பால் தங்கள் கனிவான கவனம். கயல் அதை ஜெர்மனாக்கி அனுப்பினாள். பொறுப்பாளர் விடுமுறையில் இருக்கிறார் என்று இயந்திரம் பதில் போட்டது. பத்தாவது வாரம் இரண்டாம் நினைவூட்டல். பொறுப்பாளர் திரும்பிவந்துவிட்டார், இப்போது உதவியாளர் விடுமுறையில். கிறிஸ்துமஸ் சமயத்தில், ட்ரம்ஸை ஒருவர் பார்த்துவிட்டுப் போனதாகக் கயல் சாதாரணமாகச் சொன்னாள். பொங்கலுக்குப் பிறகு முடிவு சொல்வாளாம். நான் வரிசையில் நின்றேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாற்காலி கிடையாது என்பதை இத்தனை வருடம் கவனிக்கவில்லை.

பிறகு பதில் வந்தது. கயல் தொலைபேசியில் மொழிபெயர்த்து வாசித்தாள். வாசிக்கும்போதே குரல் உடைந்து சிரிப்பாகிவிட்டது, இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

"மதிப்புக்குரியவர்களே. உங்கள் பதிவைத் தேர்வுக் குழுவினர் ஐவரும் முழுமையாகக் கேட்டோம். செவ்வாய், சனிக்கிழமைகளில் இரண்டாம் எண் அறை உங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஆனால் ஒரு குறை. விண்ணப்பத்தில் உறுப்பினர்கள் மூவர் என்று உள்ளது. பதிவில் ஐவரின் ஒலி கேட்கிறது. பதினாலாம் நிமிடம் முதல் இடைவிடாமல் பேசும் பெண் குரலுக்கும், உலோகக் கருவி வாசிப்பவருக்கும் உரிய விவரங்களைத் துணைப் படிவத்தில் நிரப்பி அனுப்பினால்தான் சாவி தர இயலும்."

புஷ்பம் அக்கா அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பங்கு என்ற கட்டத்தில் "வடை" என்று எழுதினாராம்; மயூரன் அதை "குரல்" என்று திருத்தினானாம்.

என் படிவம் மின்னஞ்சலில் வந்தது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கறுப்பு மையில் நிரப்பினேன். பெயர். வயது, அறுபத்தேழு. இசைக்கருவி, தாம்பாளம். பயின்ற காலம் என்ற கட்டத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு இருபது நிமிடம் என்று எழுதினேன். மோதிரத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

கடிதத்தையும் அச்செடுத்து, அலுவலகப் பழக்கத்தில், வலது மேல் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்துச் சுருக்கொப்பம் இட்டேன்: மாட்டுப் பொங்கல், காலை.